பைபரிலும் உலோகத்திலும் போல்ட், ரிவெட் துளைகள்: குறியிடுவது முதல் இறுக்குவது வரை முழுமையான வழிகாட்டி

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள், குளச்சல் முதல் நீரோடி வரையுள்ள கரையில் பைபர் வள்ளம் கட்டுபவர்கள், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துத் தொழிற்கூடங்களில் கார்பன் பைபர் வேலைக்குப் போகும் இளைஞர்கள் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருடைய பிழைப்பிலும் பொதுவாக இருக்கும் ஒரு வேலை, இரண்டு பாகங்களைத் துளையிட்டு போல்ட்டாலோ ரிவெட்டாலோ இணைப்பது. இவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இரும்பிலும் அலுமினியத்திலும் கை பழகிய பிறகு பைபருக்கு, அதாவது கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ ரெசின் என்ற இறுகும் பிசினில் தோய்த்து அடுக்கிய பொருளுக்கு, வந்தவர்கள். அந்தப் பழக்கம் பாதி வேலைக்கு உதவும், மறுபாதிக்கு இடைஞ்சலாகும். உலோகத்துக்கு எழுதிய விதியை அப்படியே பைபரில் போடுவதால்தான் நல்ல ரெசினும் நல்ல போல்ட்டும் போட்ட இணைப்புகள்கூடப் பிளந்துபோகின்றன என்பதால், இந்த வழிகாட்டி ஒவ்வொரு படியிலும் இரண்டையும் அருகருகே வைத்தே செல்கிறது.

துளை போட்டதும் தகட்டுக்குள் என்ன நடக்கிறது

ஒரு தகட்டை இழுக்கும்போது அதன் குறுக்கே சீராகப் பரவியிருக்கும் விசை, நடுவில் துளை வந்தவுடன் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருப்பதால் துளையின் இரு பக்க விளிம்புகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு சேர்கிறது. அகலமான தகட்டிலுள்ள வட்டத் துளையின் விளிம்பில் தகைவு (ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் விசை) சராசரியைப்போல மூன்று மடங்காகும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். துளை சிறியதோ பெரியதோ, அந்த மூன்று மடங்கு மாறுவதில்லை.

எல்லாத் திசைகளிலும் சமமாக இழை அடுக்கிய பைபர் தகட்டுக்கும் அதே மூன்று மடங்குதான். ஆனால் கார்பன் இழைகள் முழுவதும் ஒரே திசையில் ஓடும் தகட்டை அந்தத் திசையில் இழுத்தால், விளிம்பின் தகைவு ஏறத்தாழ ஏழு மடங்கு வரை போகும். இதைவிட முக்கியமான வேறுபாடு அடுத்து வருகிறது. அலுமினியமும் மென்னெஃகும் விளிம்பில் தாங்க முடியாத அளவு வந்ததும் அங்கே மட்டும் சற்று நெகிழ்ந்து, சுமையைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். பைபர் அப்படி இசைந்து கொடுப்பதில்லை. உடையும் எல்லைவரை ஒரே விறைப்பில் நின்று, பிறகு உடையும்.

வரிசையாகப் போட்ட போல்ட்டுகளின் கதையும் இதுவே. ஒரு வரிசையில் ஆறு போல்ட் போட்டால் சுமையை ஆறும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்பது நெகிழக்கூடிய உலோகத்தில், இறுதி நிலையில், ஓரளவு உண்மையாகும். பைபரில் முதலிலும் கடைசியிலும் உள்ள போல்ட்டுகளே பெரும்பங்கைத் தூக்கும். நடுவில் உள்ளவை ஏறக்குறைய ஒப்புக்கு நிற்கும். எனவே சுமையின் திசையில் போல்ட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவதால் பயன் குறைவு. இரண்டு, மூன்று வரிசைகளுடன் நிறுத்திக்கொண்டு அகலத்தில் பரப்புவது நல்லது. துளைகளில் ஒன்று மட்டும் சற்றுத் தளர்வாக இருந்தாலும் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் ஏறும் என்பதால், பைபரில் துளையின் அளவுத் துல்லியம் இணைப்பின் வலுவையே தீர்மானிக்கிறது.

படி 1: இடைவெளிகளைத் தாளில் முடிவுசெய்தல்

இணைப்பு நான்கு விதமாகத் தோற்கும். துளைகளுக்கு இடையே எஞ்சிய தகடு குறுக்கே அறுந்துபோகலாம். துளைக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதி அப்படியே வெட்டுண்டு வெளியே வரலாம். போல்ட் சாய்ந்து நிற்கும் பக்கம் துளைச்சுவர் நசுங்கலாம். போல்ட்டே வெட்டுப்படலாம் அல்லது அதன் தலை தகட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கலாம். இவற்றில் துளைச்சுவர் நசுங்குவது மட்டும் மெல்ல நடந்து, ஓசையாலும் ஆட்டத்தாலும் முன்கூட்டியே தெரியவரும். மற்றவை திடீரென்று வரும். வடிவமைப்பவர் இணைப்பை எப்போதும் நசுங்கும் வழிக்கே திருப்பிவிட வேண்டும்; இடைவெளி விதிகள் அனைத்தும் அதற்காகவே ஏற்பட்டவை.

துளை மையத்திலிருந்து ஓரம்வரை உள்ள தூரம் உலோகத்தில் குறைந்தது போல்ட் விட்டத்தின் இரண்டு மடங்கும், பைபரில் மூன்று மடங்கும் இருக்க வேண்டும். இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உலோகத்தில் மூன்று முதல் நான்கு மடங்கும், பைபரில் நான்கு முதல் ஐந்து மடங்கும் விடவேண்டும். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பைபர் தகட்டில் ஓரத்தூரம் 18 மி.மீ., மைய இடைவெளி 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். அலுமினியத்துக்கு வரைந்த பழைய படத்தில் 12 மி.மீ. ஓரத்தூரம் இருந்து, அந்தப் பாகத்தையே இப்போது பைபரில் வார்க்கச் சொன்னால், படத்தை மாற்றாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

இழைகளின் திசையும் இடைவெளிக்குச் சமமான முக்கியத்துவம் கொண்டது. இழைகள் முழுவதும் சுமையின் திசையிலேயே ஓடினால், எவ்வளவு ஓரத்தூரம் விட்டாலும் போல்ட் அந்த இழைகளுக்கு நடுவே விறகைப் பிளப்பதுபோலப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். போல்ட் வரும் இடத்தில் 45 டிகிரி சாய்வில் ஓடும் அடுக்குகள் தாராளமாக இருக்க வேண்டும். எந்தத் திசையும் பத்து சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. ஒரே திசை அடுக்குகளை நான்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக்கூடாது. துணுக்கு இழைப் பாயும் நெசவுத் துணியும் மாற்றி மாற்றிப் போடும் வள்ளக்காரர்களுக்கு இது பாதி தானாகவே அமைந்துவிடுகிறது.

படி 2: போல்ட்டையும் ரிவெட்டையும் தேர்ந்தெடுத்தல்

அலுமினியத் தகடுகளுக்குத் திட ரிவெட், அதாவது மறுமுனையை அடித்துத் தலையாக்கும் கெட்டி ஆணி, மிகச் சிறந்தது. அதன் விட்டம் தடித்த தகட்டின் கனத்தைப்போல மூன்று மடங்கு இருந்தால் சரியாகும். 1 மி.மீ. தகடு இரண்டை இணைக்க 3.2 மி.மீ. ரிவெட்டை எடுத்துக்கொண்டால், இரண்டு தகடுகளின் கனம் 2 மி.மீ., அதற்கு வெளியே நீட்ட வேண்டியது விட்டத்தின் ஒன்றரை மடங்கான 4.8 மி.மீ., ஆக நீளம் ஏறத்தாழ 7 மி.மீ. அடித்து முடித்தபின் உருவாகும் தலையின் அகலம் 4.8 மி.மீ., உயரம் 1.6 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

திட ரிவெட்டைப் பைபரில் அடிக்காதீர்கள். அடிக்கும்போது ரிவெட்டின் உடல் துளைக்குள் பருக்கும். அலுமினியத்தில் அது துளையை நிரப்பி வலுவாக்கும், பைபரிலோ துளைச்சுவரை வெளியே தள்ளி அடுக்குகளைப் பிரித்துவிடும். இறுக்கமாகத் தட்டி உள்ளே இறக்கும் போல்ட்டுக்கும் இதே தடை பொருந்தும். சுமை குறைந்த இடங்களில் அகலத் தலை கொண்ட பாப் ரிவெட்டை (ஒரு பக்கத்திலிருந்தே கருவியால் இழுத்துப் பொருத்துவதை) பயன்படுத்தலாம். மற்ற எல்லா இடங்களிலும் போல்ட், நட்டு, அகல வாஷர் என்று போவதே சரி. போல்ட்டின் மரை துளைச்சுவரில் படக்கூடாது; வழுவழுப்பான உடல்பகுதியே தகட்டின் முழுக் கனத்திலும் நிற்கும்படி நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது அரிப்பு. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு அது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். விமானங்களில் கார்பன் பாகங்களுக்கு டைட்டானியம் போல்ட் போடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நம்மால் டைட்டானியம் வாங்க இயலாதபோது, தரமான ஸ்டெயின்லெஸ் போல்ட்டும், இரண்டுக்கும் நடுவே ஓரடுக்குக் கண்ணாடி இழையும், ஈரமாகவே பூசிய சீலண்ட்டும் (நீர் புகாமல் அடைக்கும் பசையும்) அந்தத் தொடர்பைத் துண்டிக்கும். கண்ணாடி பைபரில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. கடற்கரை வேலைக்கு ஸ்டெயின்லெஸ் எஃகில் 304-ஐ விட 316 ரகம் மேலானது. இருந்தாலும் காற்றுப்படாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் 316-உம் குழிவிழும் என்பதை நினைவில் வைத்து, போல்ட்டின் உடலைச் சுற்றிச் சீலண்ட் நிரப்பியே மூடுங்கள்.

படி 3: குறியிடுதல்

பைபர் தகட்டில் சென்டர் பஞ்சை அடிக்கக்கூடாது. அந்த ஒரு தட்டிலேயே அடியில் உள்ள அடுக்குகள் பிரிந்துவிடலாம். மேலே ஒன்றும் தெரியாது. துளையிட்ட எஃகு புஷ் (பிட்டை நேராக நடத்தும் குழல்) பொருத்திய ஜிக் என்ற வழிகாட்டிச் சட்டத்தைச் செய்து கிளாம்ப் போட்டுக்கொள்வது நல்லது. அலுமினியத்தில் கீறல் ஊசியால் கோடு போடும் பழக்கமும் ஆபத்தானது, ஏனெனில் அந்தக் கீறலே நாளடைவில் விரிசலின் தொடக்கமாகும். சாதாரணப் பென்சிலின் கருமுனையும் கார்பன்தான் என்பதால் அலுமினியத்தில் அதையும் தவிர்த்து, மார்க்கர் பேனாவால் குறிக்க வேண்டும்.

படி 4: துளையிடுதல்

ட்ரில்லின் சுழல் வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் வெட்டுவேகம் வேண்டுமோ அதை 318-ஆல் பெருக்கி, பிட்டின் விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். 6 மி.மீ. பிட்டுக்கு, அலுமினியத்தில் 60 மீட்டர் வேகம் என்றால் ஏறத்தாழ 3,180 சுற்று. மென்னெஃகில் 25 மீட்டருக்கு 1,325. ஸ்டெயின்லெஸில் 12 மீட்டருக்கு வெறும் 636. கார்பைடு பிட்டால் கார்பன் பைபரை 80 மீட்டரில் வெட்டினால் 4,240 சுற்று வரும். ஸ்டெயின்லெஸில் வேகத்தைக் கூட்டி அழுத்தத்தைக் குறைத்தால் பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்த இடம் கெட்டிப்பட்டு அதன்பின் எந்தப் பிட்டும் இறங்காது. அங்கே மெதுவான சுற்று, விடாத அழுத்தம், தாராளமான எண்ணெய் ஆகிய மூன்றும் வேண்டும்.

பைபரில் முறை தலைகீழாகிறது: வேகமான சுற்று, மிக மெதுவான இறக்கம். ஒரு சுற்றுக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை மட்டுமே பிட் இறங்க வேண்டும். காரணம் இதுதான். பிட் உள்ளே நுழையும்போது அதன் சுருள் மேலடுக்கைப் பிடித்து மேலே உரிக்கும். வெளியேறும் தருணத்தில் எஞ்சியிருக்கும் ஓரிரண்டு அடுக்குகள் வெட்டுப்படுவதற்கு முன்பே பிட்டின் அழுத்தத்தால் கீழே தள்ளப்பட்டுப் பிரியும். இரண்டாவது சேதமே பெரியது. அதைத் தடுக்க மூன்று வழிகள் உள்ளன: தகட்டின் அடியில் ஹைலம் ஷீட்டோ (ரெசினில் அழுத்திய கெட்டித் தகடு) பிளைவுட்டோ வைத்து இடைவெளி இல்லாமல் கிளாம்ப் போடுவது, பிட் கூராக இருப்பது, வெளியேறும் சமயத்தில் கையின் அழுத்தத்தைக் குறைப்பது.

இவற்றில் கூர்மை பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடி இழையும் கார்பன் இழையும் சாதாரண ஹைஸ்பீடு பிட்டின் முனையைச் சில துளைகளிலேயே மழுக்கிவிடும். மழுங்கிய பிட் இரும்பில் கீச்சிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பைபரில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே அடுக்குகளைப் பிரிக்கும். கார்பைடு பிட்டின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், ஒரு பாகத்தைக் கழிப்பதன் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முனையின் ஓரங்கள் முதலில் இழையை வெட்டி, பிறகு நடுப்பகுதி இறங்கும் வகைப் பிட்டுகள் கிடைத்தால் வெளியேறும் பக்கம் இன்னும் சுத்தமாக இருக்கும்.

அலுமினியத்தில் மண்ணெண்ணெய் விட்டுத் துளைப்பது பட்டறை வழக்கம், நல்ல வழக்கமும்கூட. பைபரில் எண்ணெய் வகை எதுவும் ஆகாது. துளைச்சுவரில் ஊறிய எண்ணெய் பிறகு பூசும் சீலண்ட்டையும் ரெசினையும் ஒட்டவிடாது. உலர்வாகத் துளைத்து, தூசியை வேக்குவம் கொண்டு உறிஞ்சுங்கள். வள்ளங்களுக்குப் பயன்படும் சாதாரணப் பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்குவதால், பிட் சூடேறினால் வெட்டுவதை விட்டுவிட்டுப் பிசைந்துகொண்டிருக்கும். கார்பன் தூசு மின்கடத்தி. கை ட்ரில்லின் மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆகும். நுண்தூசு தடுக்கும் மாஸ்க், கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

மேலே கார்பன், கீழே அலுமினியம் என்று இரண்டையும் சேர்த்து ஒரே துளையாகப் போடும்போது, அலுமினியச் சுருள்கள் பிட்டின் பள்ளம் வழியே மேலேறி, கார்பன் துளையின் சுவரைச் சுரண்டி அகலமாக்கிவிடும். அதனால் இறுதி அளவுக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. குறைவாகத் துளைத்து, இடையிடையே பிட்டைத் தூக்கிச் சுருளை வெளியேற்றி, கடைசியில் ரீமர் (துளையைச் சிறிதளவே சீவி அளவாக்கும் கருவி) ஓட்டி அளவுக்குக் கொண்டுவருவதே சரியான முறை. பைபரை மேலே வைத்து உலோகத்துக்குள் இறங்கினால், உலோகமே அடிப்பலகையின் வேலையைச் செய்துவிடும்.

படி 5: பிசிறு நீக்குதல், தலைக்குழி எடுத்தல்

உலோகத் தகடுகளைச் சேர்த்துத் துளைத்தபின் பிரித்து, ஒவ்வொரு முகத்திலும் பிசிறு எடுத்து, சுருள்களைத் துடைத்து மறுபடி சேர்க்க வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிய பிசிறு இணைப்பை முழுமையாகப் படியவிடாது. அவசரத்தில் பெரும்பாலோர் விட்டுவிடும் வேலையும் இதுதான்.

தலை அமிழும் ரிவெட்டுக்கும் போல்ட்டுக்கும் தலைக்குழி எடுக்கும்போது, குழி தகட்டின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடியில் துளையின் விளிம்பு கத்தி முனையாகும். 3.2 மி.மீ. ரிவெட்டின் 100 டிகிரித் தலைக்கு ஏறத்தாழ 1.07 மி.மீ. ஆழம் வேண்டும், 1 மி.மீ. தகட்டில் அதை எடுத்தால் தகடே மிஞ்சாது. இதன் விளைவை உலகம் 1988 ஏப்ரல் 28 அன்று கண்டது. ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் சென்றபோது, அதன் முன்பகுதிக் கூரையில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ 0.9 மி.மீ. கனமே கொண்ட வெளித்தகட்டில் தலைக்குழிகள் முழுக் கனத்துக்கும் இறங்கியிருந்தன. தகடுகளை ஒட்டியிருந்த பசை உப்பு ஈரத்தில் விட்டுப்போனபின் சுமை முழுவதும் ரிவெட்டுகளுக்கு வந்து, 89,680 முறை பறந்து இறங்கிய அந்த உடலில் துளைக்குத் துளை சிறு விரிசல்கள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. கடற்காற்று, மெல்லிய தகடு, ஆழமான குழி ஆகிய மூன்றும் நம் கரையிலும் சேரக்கூடியவை. மெல்லிய தகட்டுக்குக் குழி வெட்டாமல், அச்சால் அழுத்திக் குழிவாக்கும் முறையையே பயன்படுத்துங்கள்; இயன்றால் வெளியே நிற்கும் தலையைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

படி 6: துளையை அளத்தல்

சாதாரண எந்திர வேலையில் எம்8, அதாவது 8 மி.மீ. விட்டமுள்ள, போல்ட்டுக்கு 9 மி.மீ. துளையும், நெருக்கமான வேலையில் 8.4 மி.மீ. துளையும் போடுவது வழக்கம். சுமை தாங்கும் பைபர் இணைப்புக்கு இவை இரண்டுமே தளர்வு. போல்ட் கையால் தள்ளும்போது நுழைந்து, ஆடாமல் நிற்கும்படி இடைவெளி 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரின் உள்தாடைகளால் சிறு துளையைச் சரியாக அளக்க முடியாது. ஒரு முனை நுழையவும் மறுமுனை நுழையாமலும் இருக்கும் கோ-நோகோ கேஜைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டால் வேலை விரைவாகவும் சந்தேகமின்றியும் முடியும்.

படி 7: பொருத்தி இறுக்குதல்

வெட்டிய துளைச்சுவரில் இழை முனைகள் திறந்திருப்பதால் நீர் அவற்றின் வழியே ஊறும். சுமை தாங்காத துளைகளில் மெல்லிய ரெசின் பூச்சும், மற்றவற்றில் சீலண்ட்டும் இட்டு மூட வேண்டும். வள்ளத்தில் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு இது உயிர்நாடி, ஏனெனில் அங்கே பைபருக்குள் பிளைவுட் இருக்கும். ஒரு போல்ட் துளையில் இறங்கிய நீர் பலகை முழுவதையும் உளுத்துப்போகச் செய்யும். 12 மி.மீ. போல்ட் வரும் இடத்தில் முதலில் 25 மி.மீ. துளை போட்டு, பலகை நன்றாகக் காய்ந்தபின் தூள் கலந்த எபாக்சியால் நிரப்பி, அது முழுதும் இறுகியபின் அதன் நடுவே போல்ட்டுக்கான துளையை இடுங்கள். போல்ட் பலகையைத் தொடவே தொடாது.

இறுக்கத்தின் கணக்கு இது: போல்ட்டில் வேண்டிய இழுவிசை, மீட்டரில் அதன் விட்டம், உராய்வு எண் (உராய்வையும் மரையின் சரிவையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்) ஆகிய மூன்றையும் பெருக்கினால், டார்க் ரென்ச் என்ற முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரில் வைக்கவேண்டிய அளவு கிடைக்கும். எண்ணெயிடாத மரைக்கு உராய்வு எண் ஏறத்தாழ 0.2. 8.8 என்ற வலுத்தர எஃகில் செய்த எம்8 போல்ட்டின் தாங்குதிறனில் முக்கால் பங்கான 16,500 நியூட்டன் இழுவிசைக்கு 26 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு எண் 0.15 அளவுக்கு இறங்குவதால், அதே 26-இல் போல்ட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். எண்ணெயா உலர்வா என்பதை முடிவுசெய்யாமல் டார்க் எண்ணை மட்டும் பின்பற்றுவதில் பொருளில்லை.

எஃகோடு எஃகு சேரும் இடத்தில் இந்த 16,500 நியூட்டனை அப்படியே வைக்கலாம். காற்றாலைக் கோபுரத்தின் துண்டுகளை இணைக்கும் வளைய ஃபிளாஞ்சுகள் (விளிம்புகள்), போல்ட்டை முன்கூட்டியே இழுத்து வைக்கும் இத்தகைய முன்னிறுக்கத்தை நம்பியே நிற்கின்றன. போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்கி, குறிப்பிட்ட ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி சரிபார்ப்பார்கள். பைபரில் முதலில் வாஷரைப் பாருங்கள். 16 மி.மீ. அகலமுள்ள சாதாரண வாஷரின் கீழே அந்த விசை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 113 நியூட்டன் அழுத்தம் தரும், 24 மி.மீ. அகல வாஷரில் அது 42 ஆகக் குறையும். கனத்தின் திசையில் ரெசின் மட்டுமே தாங்குவதால் அழுத்தம் கூடக்கூட அது மெல்ல அமுங்கி, இறுக்கமும் தளரும். எனவே பைபரில் அகல வாஷர், குறைந்த டார்க், ஒரு நாள் கழித்து மறு இறுக்கம் என்பதே வழக்கமாக வேண்டும். காற்றாலை இறக்கையின் அடிப்பகுதியிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதைத் தீர்க்கும் முறைகளில் ஒன்று, நீளவாக்கில் ஒரு துளையும் குறுக்கே ஒரு துளையும் போட்டு, குறுக்குத் துளையில் உருளை நட்டை வைத்து, நீண்ட ஸ்டட்டை (தலையில்லாத மரைக்கம்பியை) அதில் திருகி இறுக்குவதாகும். ஸ்டட் நீளமாக இருப்பதால் பைபர் சிறிது அமுங்கினாலும் இறுக்கத்தில் பெரும்பகுதி எஞ்சும்.

வெட்டிய ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட்டு தளராது என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் இன்னும் அசையாமல் இருக்கிறது. குறுக்கே ஆட்டும் அதிர்வில்தான் நட்டு தளர்கிறது என்பதை ஜெர்மானியரான யுங்கர் 1969-இல் சோதனையால் காட்டினார். அத்தகைய சோதனைகளில் ஸ்பிரிங் வாஷர் தேறுவதில்லை. பைபரில் அதன் கூர்முனை மேற்பரப்பைக் கீறவும் செய்யும். நைலான் வளையமுள்ள நட்டைப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டை மின் ட்ரில்லால் வேகமாகத் திருகினால் மரை ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். மரைக்கான மசகு தடவி, கையால் மெதுவாகத் திருக வேண்டும்.

படி 8: சோதனையும் கெட்ட துளையைச் சரிசெய்தலும்

துளையைச் சுற்றி நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தென்றும் கேட்கும். கண்ணாடி பைபரில் பின்னால் விளக்கைப் பிடித்தால் பிரிந்த இடம் வெளிறித் தெரியும்; கார்பனில் அந்த வசதி இல்லை. இறுக்கிய நட்டிலிருந்து தகடுவரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன் ஒரு சுற்றுப் பார்க்கும்போது கோடு விலகியிருந்தால், நட்டு நகர்ந்தது தொட்டுப் பார்க்காமலே தெரியும்.

அகன்றுபோன துளைக்கு அடுத்த அளவு போல்ட்டைப் போடலாம், ஆனால் புதிய விட்டத்துக்கு ஓரத்தூரம் போதுமா என்று முதலில் கணக்கிட வேண்டும். 18 மி.மீ. ஓரத்தூரமுள்ள பைபர் தகட்டில் 6 மி.மீ. துளையை 8 மி.மீ. ஆக்கினால் 24 மி.மீ. தேவை, அது அங்கே இல்லை. கெட்ட துளையை ரெசினும் துணித் துண்டும் திணித்து நிரப்பி அதே இடத்தில் மறுபடி துளைப்பது பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும், நிரப்பியதில் தொடர்ச்சியான இழை இல்லாததால் அது போல்ட்டின் சுமையைத் தாங்காது. சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காகப் புதிய துணி ஒட்டி, இறுகியபின் துளையிட வேண்டும். அதற்கு இடமில்லாத பாகத்தை மாற்றிவிடுங்கள்.